லீவில் போகிறவர்களுக்குப் பாதி

அந்த வெள்ளிக்கிழமை காலை வளைகுடாவில், அப்பாசியாவில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் பதினொரு பேர். நான், என் வீட்டுக்காரர். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருந்த மூன்றாம் மாடிக் கணக்கு சார், அவர் மனைவி. நாலாம் மாடியிலிருந்து நாகர்கோவில் அண்ணாச்சி. அவர் மனைவி நர்ஸ், அன்றைக்கு டூட்டி, அதனால் வரவில்லை. இரண்டாம் மாடியில் தனியாக இருந்த யாழ்ப்பாணத்து ஐயா. முதல் மாடியில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டிலிருந்து, அவர்களில் மூத்தவரான நுவரெலியா அக்கா. எங்களுக்கு எதிர் வீட்டு மலையாளிகள் இரண்டு பேர். சோபாவில் கட்டட ஓனரின் ஆள். மந்தூப் என்று சொல்வார்கள், சிரியாக்காரர். கதவுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கட்டடத்துக் காவல்காரர், எகிப்துக்காரர், ஹாரிஸ் என்போம். அவரையும் சேர்த்துத்தான் பதினொன்று.

இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு இவர்களில் நாலு பேர், அன்றைக்குத் தாங்கள் அங்கே இல்லவே இல்லை என்று சொன்னார்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். வீட்டுக்காரர் எட்டாவது. அவர் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். நான் வீட்டிலேயே நர்ஸுகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலைந்து பிள்ளைகள் எப்போதும் இருக்கும். எங்கள் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்ததும் மூன்று பேருமாக விசாவையெல்லாம் கான்சல் செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தோம். இருபத்திரண்டு வருஷம் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷம்தான் பாக்கி. நான் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தால், அணைத்தோமா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு பட்டன் கிடந்தாலும் இன்னொன்று எங்கே என்று தேடுவேன். அவர் வேலையிலிருந்து கால்மணி நேரம் பிந்தினால் எந்த ரோட்டில் என்ன ஆனதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்தச் சுபாவத்தால் எனக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கட்டடம் ஆறு தளம், தளத்துக்கு மூன்று வீடு, மொத்தம் பதினெட்டு. பெரியவர் ஓனர் உயிரோடு இருந்தவரை ஒழுங்காக இருந்தது. அவர் போனபிறகு மகன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வாடகை வாங்க மட்டும் ஆள் வரும். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும்; உள்ளே இருப்பவர் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு ஹாரிஸ் கம்பியோடு ஓடிவருவார். ஒரு கோடையில் தண்ணீர் நாறியது. என் வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே புறா மிதக்கிறது. அதற்கு முந்தின பதினைந்து நாளும் அந்தத் தண்ணீரில்தான் நான் பிள்ளைகளுக்குப் பால் கலக்கியிருக்கிறேன். நான்கு தடவை எழுதிக் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மந்தூப்தான் ஒரு வழி சொன்னார். மொத்தக் கட்டடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் மூவாயிரத்து நானூறு தினார் ஒரே தொகையாக ஓனருக்கு. ஒரு வருஷக் கான்ட்ராக்ட். லிஃப்ட், தண்ணீர், ஹாரிஸ் சம்பளம் எல்லாம் உங்கள் பொறுப்பு. கணக்கு சார் உடனே பேப்பரில் போட்டுப் பார்த்தார். நாங்கள் வீட்டுக்கு இருநூற்று இருபது கொடுத்துக்கொண்டிருந்தோம். இருநூற்றுப் பத்து போட்டாலே ஓனருக்குக் கொடுத்து, ஹாரிஸுக்கும் லிஃப்டுக்கும் போக மாதம் இருநூறு மிஞ்சும். வாடகையும் குறையும், வேலையும் நடக்கும்.

அதற்காகத்தான் அந்தப் பதினொரு பேரும் கூடினோம். எல்லோருக்கும் சந்தோஷம். யார் பேரில் கான்ட்ராக்ட் என்ற பேச்சு வந்ததும் டீ கிளாஸைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஒரே பேர்லதான் பேப்பர் போடுவாங்களாமுங்க," என்றார் கணக்கு சார். "பதினெட்டுப் பேர் கையெழுத்தெல்லாம் ஏத்துக்க மாட்டாங்க."

"அப்போ நீங்களே போடுங்க சார். கணக்கு பாத்ததும் நீங்கதானே," என்றார் அண்ணாச்சி.

"எனக்கென்னங்க, போட்டுருவேன். எங்க கம்பெனியில வெளிய எதுலயும் பேர் இருக்கக்கூடாதுன்னு ரூலுங்க."

யாழ்ப்பாணத்து ஐயா ஒரு கப்பல் ஆபீசில் கிளார்க். பேச்சு குறைவு, பேசினால் குத்தும். "நல்ல ரூல்தான்," என்றார். "தேவைப்படுற நேரம் பாத்துத்தான் அந்த ரூலும் வருகுது."

"நீங்க போடுங்களேன் ஐயா."

"என்ர விசா முடிய அஞ்சு மாசம் கிடக்கு. அதுக்குப் பிறகு என்னை இஞ்ச வச்சிருப்பினமோ எண்டு எனக்கே தெரியாது."

மலையாளிகள் தமிழ் புரியாதவர்கள்போல் இருந்தார்கள். நன்றாகப் புரியும். நுவரெலியா அக்காவை யாரும் கேட்கவே இல்லை.

மந்தூப் என் வீட்டுக்காரரைக் கை காட்டினார். "ஏசி பாய் அச்சா. பஹுத் புரானா," என்றார், நல்லவர், ரொம்பப் பழைய ஆள் என்று. இவர் மந்தூப் வீட்டு ஏசியைக் காசு வாங்காமல் இரண்டு தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறார். உடனே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டடத்தில் பழைய ஆள் நீங்கள்தான், எல்லா ரிப்பேரும் தெரிந்தவர் நீங்கள்தான், உங்களை விட்டால் யார் என்று. எட்டாவது படித்த மனுஷனை, டை கட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள் நடுவில் உட்கார வைத்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். டீ எடுக்கிறதுபோல அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டேன்.

"ஏங்க, ஒங்க பேரு வேண்டாம்ங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஏர்போர்ட்டுல நிப்பாட்டிருவாவ."

"ஏளா, எதுக்கெடுத்தாலும் ஒனக்கு ஏர்போர்ட்டுதானா? பதினெட்டு வீடு இருக்கு. ஆளுக்கொரு கை குடுத்தா முடிஞ்சுது."

"கை குடுக்கதுக்கு முந்தி கையெழுத்துல்லா கேக்காவ?"

நான் சும்மா சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண், என்னிடம் பிள்ளையை விட்டுப் போனவள்தான். அவள் புருஷன் ஒரு சிநேகிதனின் பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டான். சிநேகிதன் லீவில் போனவன் திரும்பவில்லை. இவன் பேரில் தடை விழுந்தது. கடன் தீர்கிறவரை நாட்டை விட்டு வெளியே போக முடியாது. வேலை போனாலும் முடியாது, ஊரில் சாவு என்றாலும் முடியாது. நாலு வருஷம் ஆயிற்று. இதையெல்லாம் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "அவன் பண்ணுனது அடுத்தவன் கடனுக்கு. இது நம்ம வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டு டீயோடு வெளியே போனார்.

பேப்பர் அரபியில் நாலு பக்கம். கணக்கு சார் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தார். மூன்று பக்கம் வந்தது. நாலாவது பக்கத்தில் எழுத்துக்கு மேல் முத்திரை விழுந்திருந்தது, சரியாக வரவில்லை. ஹாரிஸைப் படிக்கச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டு, "சப் டீக், முதீர்," என்று என் வீட்டுக்காரருக்கு சல்யூட் அடித்தார். எல்லாம் சரி, மேனேஜர் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் மாதங்கள் நன்றாகவே இருந்தன. அதையும் சொல்ல வேண்டும். தொட்டியைக் கழுவி மூடி போட்டோம், புதுப் பம்ப் வந்தது. மாடிப்படி விளக்குகள் எரிந்தன. பணம் வசூலிப்பது என் வேலை, பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால். மகளின் பழைய நோட்டில் பதினெட்டு வீட்டையும் வரிசையாக எழுதி, கொடுத்தவர்களுக்கு எதிரே டிக் போடுவேன். டிக் போடும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

இரண்டாம் மாதக் கூட்டத்தில்தான் அண்ணாச்சி அந்தப் பேச்சை எடுத்தார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் மங்காஃபில் பதினாலு வருஷம் பேச்சுலர் ரூமில் இருந்தவர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற மெஸ்ஸில், லீவில் ஊருக்குப் போகிறவனுக்கு அந்த மாதம் சாப்பாட்டுக் காசு கிடையாது. வளைகுடாவில் இது எல்லா மெஸ்ஸிலும் உள்ளதுதான். கட்டடம் எடுத்து நடத்துவது பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆண்கள் எல்லோருக்கும் மெஸ் தெரியும்.

"மக்களே, ஓனர் இருக்கும்போ லீவுல போனாலும் முழுசா எண்ணிக் குடுத்தோம். சரி, அவன் முதலாளி," என்றார் அண்ணாச்சி. "இப்போ கட்டடம் நம்மளுக்குல்லா? ஊர்ல போய்க் கெடக்கியவன் இங்க எந்த லிஃப்டுல ஏறுகான்? எந்தத் தண்ணில குளிக்கான்? நம்ம மெஸ்ஸுல உள்ள நியாயம் கூட இங்க இல்லேன்னா பின்ன எதுக்கு நாம எடுத்து நடத்துகது?"

"முழுசா விட முடியாதுங்க," என்றார் கணக்கு சார். "பாதின்னு வெச்சுக்கலாமுங்க. லீவு போற குடும்பம் ஒரு பன்னெண்டு. ஆளுக்கு ரெண்டு மாசம். அதைப் பன்னெண்டு மாசத்துக்கும் பிரிச்சா மாசத்துக்கு ரெண்டு வீடுதான் வருதுங்க. தாங்கும்."

கைதட்டினார்கள். கணக்கு சாரின் மனைவி, "டிக்கெட் விக்கிற விலைக்கு இது எவ்வளவு பெரிய உதவி," என்றார். நானும் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமில்லை, 'லீவில் போகிறவர்களுக்குப் பாதி' என்று கொட்டை எழுத்தில் நான்தான் எழுதினேன். கீழே மகள் இங்கிலீஷில் எழுதினாள். லிஃப்டுக்குள் ஒட்டினோம்.

பட்டனுக்குப் பயந்தவள், ஏர்போர்ட்டுக்குப் பயந்தவள், இதற்கு மட்டும் பயப்படவில்லை. இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயமா? ஜூன் கடைசியில் இந்தியன் ஸ்கூல் மூடினால் அப்பாசியாவே காலியாகிவிடும். படிக்கட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் இருக்காது. நாங்கள் டிக்கெட் மலிவாக இருக்கிற பிப்ரவரியில்தான் போவோம், அதனால் பதினாறு கோடையும் அந்தக் காலிக் கட்டடத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பன்னிரண்டு குடும்பமும் ஆளுக்கொரு மாதமாகப் பிரிந்து போகப் போவதில்லை, ஒரே வாரத்தில் போகும் என்பது எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நுவரெலியா அக்காதான் ஒரு நாள் கேட்டார். மார்ச் மாதம், பணம் கொடுக்க வந்தபோது. தினாரைச் சுருட்டிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பார். அவிழ்த்துக்கொண்டே, "ஏன் தங்கச்சி, நாங்க நாலு பேரும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தானே ஊருக்குப் போறோம். அதுவும் மேடம் விட்டாத்தான். அப்ப யாரோட லீவுக்கு நாங்க சல்லி கட்டுறோம்?" என்றார்.

"நீங்க போகும்போது ஒங்களுக்கும் பாதிதான்க்கா," என்று சிரித்தேன்.

"போகும்போதுதானே," என்று அவரும் சிரித்தார். நான் டிக் போட்டேன்.

ஜூன் கடைசி வாரம் சாவிகள் வர ஆரம்பித்தன. செடிக்குத் தண்ணீர் ஊற்ற, மீன் தொட்டிக்குத் தீனி போட, எல்லோரும் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் சாவியோடு ஜூலைக்குப் பாதி, ஆகஸ்டுக்குப் பாதி. இரண்டாவது சாவியோடும் அப்படியே. மூன்றாவது சாவியைக் கணக்கு சாரின் மனைவி நீட்டினபோதுதான் எனக்கு உறைத்தது. "சார் எப்ப திரும்புவாவ?" என்று கேட்டேன். "ஆகஸ்ட் கடைசிதாங்க. ஏன்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சனிக்கிழமைக்குள் மேஜையில் பன்னிரண்டு சாவி இருந்தது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டைப் பார்த்தார். மாதம் ஆயிரத்துச் சொச்சம் துண்டு விழுந்தது. சேர்த்து வைத்தது தொள்ளாயிரத்து ஐம்பது இருந்தது. "இதை வச்சு ஒரு மாசம் ஓட்டிரலாம். அடுத்த மாசத்துக்குப் பேசிக்கிடலாம்," என்றார்.

ஜூலை இரண்டாம் வாரம் லிஃப்ட் மோட்டார் கருகியது. தொள்ளாயிரத்து ஐம்பதும் அதற்குப் போயிற்று.

நான் போன் செய்ய ஆரம்பித்தேன். ஊரில் எல்லோரும் கல்யாணத்திலோ கோவிலிலோ இருந்தார்கள். பின்னால் மேளச் சத்தம் கேட்கும். கணக்கு சார், "நான் வந்து பாத்துக்கறேனுங்க, பதட்டப்படாதீங்க," என்றார். அண்ணாச்சி, "இங்க மழை பிச்சு எடுக்கு, ஒண்ணும் கேக்கல்ல மக்களே," என்று வைத்துவிட்டார். முதல் மாடியில் வேறொரு வீட்டுப் பெண், என்னிடம் மூன்று வருஷம் பிள்ளையை விட்டவள், பொறுமையாகத்தான் பேசினாள்.

"அக்கா, நாங்க அங்க இல்லவே இல்ல. எதுக்கு முழுசா கட்டணும்?"

"இல்லம்மா, ஓனருக்குக் கொடுக்கணும். அண்ணன் பேர்ல இருக்கு."

"அது எனக்கும் தெரியுதுக்கா. ஆனா பாதின்னு எழுதி ஒட்டுனது நீங்கதானே? உங்க கையெழுத்துதானே அது?"



அந்த மாதம் என் வீட்டுக்காரர் சம்பளம் முழுவதும் ஓனருக்குப் போயிற்று. நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டதால் எனக்கும் வரும்படி இல்லை. யாழ்ப்பாணத்து ஐயா முழு வாடகையோடு ஐம்பது தினார் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். திருப்பித் தருகிறோம் என்றதற்கு, "தந்தால் வாங்கிறன். தராட்டி கேக்க மாட்டன்," என்றார். அவருக்கு ஒரு மாதிரியாக விசா நீண்டிருந்தது. அந்த ஐம்பதையும் வைத்தும் ஆகஸ்டில் ஓனருக்கு முழுத்தொகை போகவில்லை. மந்தூப், "ஷுவைய ஷுவைய," என்றார், மெதுவாகக் கொடுங்கள் என்று. அந்த வார்த்தையை நாங்கள் நம்பினோம்.

கோடை முடிந்தும் மூன்று குடும்பங்கள் திரும்பவில்லை. ஒருவருக்கு வேலை போய்விட்டது, ஒருவர் அப்படியே மங்காஃபுக்கு மாறிவிட்டார், ஒருவர் ஏனென்றே சொல்லவில்லை. சாமான் எடுக்க ஆள் வந்தபோது சாவி கொடுத்தவளும் நான்தான். செப்டம்பரோடு கான்ட்ராக்ட் வருஷமும் முடிந்தது. மந்தூப் ஓனரின் இளைய மகனோடு வந்தார். மகன் காரை விட்டு இறங்கவில்லை. மந்தூப் மட்டும் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நாலாவது பக்கத்தை விரித்தார். ஒப்படைக்கும்போது காலி வீடுகளைப் பெயின்ட் அடித்து, உடைந்தது எல்லாம் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் அந்தச் செலவு கையெழுத்துப் போட்டவர் தலையில். அதற்கு ஆயிரத்து ஐந்நூறு. வாடகையில் நின்றுபோனது இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது. ஆக நாலாயிரத்து ஐம்பது தினார். என் வீட்டுக்காரரின் சம்பளம் இருநூற்று எண்பது.

கடைசியாக ஒரு கூட்டம் போட்டோம். வந்தவர்கள் ஐந்து பேர்.

"நான் சொன்னது ஒரு யோசனைதானுங்களே," என்றார் கணக்கு சார். "எல்லாரும் சேந்துதானுங்க ஒத்துக்கிட்டோம்."

"சேந்துதானே ஒத்துக்கிட்டோம். அப்ப சேந்து குடுங்க சார்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நான் மெஸ்ஸைப் பத்தித்தான் சொன்னேன்," என்றார் அண்ணாச்சி. "கட்டடத்துக்கு அப்படியே பிடிக்கச் சொன்னேனா? கான்ட்ராக்ட் போட்ட அன்னைக்கு நான் இங்க இருக்கவே இல்ல."

"அந்தா அந்த நாற்காலியிலதான் அண்ணாச்சி இருந்தீங்க. ரெண்டு டீ குடிச்சீங்க," என்றேன்.

"தங்கச்சி டீயையும் நோட்டில எழுதி வச்சிருக்கோ?" என்றார்.

நுவரெலியா அக்கா கதவருகிலேயே நின்றிருந்தார். அவர் ஒரு மாதம்கூட நிறுத்தாமல் முழுசாகக் கொடுத்தவர். எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். லிஃப்டில் போகவில்லை, படியில்.

மூன்று வீட்டார் மட்டும் விட்ட பாதியை, ஆளுக்கு இருநூற்றுப் பத்து, கொண்டுவந்து கொடுத்தார்கள். கணக்கு சார் அதில் ஒருவர். அதையும் சொல்லிவிட வேண்டும். "மனசு கேக்கலீங்க," என்றார். அதற்கு மேல் அவர் மனசும் போகவில்லை. மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகையை விற்று ஆயிரத்து நூறு கட்டினேன். ஓனர் கட்டடத்தை வேறு ஓர் ஆளுக்குக் கொடுத்தார். அவர் வாடகையை இருநூற்று ஐம்பது ஆக்கி, வீட்டுக்குள் பிளைவுட் தடுத்து ரூம் ரூமாக விட ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். நாங்கள் ஓர் ஒற்றை அறைக்குப் போனோம். மகள் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டுப் பரீட்சைக்குப் படித்தாள்.

மீதியைப் பற்றி என் வீட்டுக்காரர் மந்தூப்பிடம் இரண்டு தடவை பேசினார். ஊருக்குப் போய் நிலத்தை விற்று அனுப்புகிறேன் என்றார். மந்தூப் இவர் தோளைத் தட்டி, "மாஃபி முஷ்கில்," என்றார். பிரச்சினை இல்லையாம். நான் மட்டும், "ஏங்க, எதுக்கும் ஒரு தடவ விசாரிச்சுப் பாருங்க, நம்ம பேர்ல ஏதும் கேஸ் இருக்கான்னு," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றார். பார்க்கப் பயந்துதான் அவர் பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அவருக்கும் பயம் இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. பயப்படுகிற வேலையை வீட்டில் நான் ஒருத்தியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மகளின் பரீட்சை முடிந்தது. மூன்று டிக்கெட் போட்டோம். அவர் முதலில் லீவில் வருவது, நிலத்தை விற்பது, பணத்தை அனுப்பிவிட்டு ஒரு தடவை திரும்பிப் போய்க் கணக்கை முடிப்பது என்று ஏற்பாடு. காலை பதினொரு மணி விமானம். பெட்டிகள் எடை போட்டு உள்ளே போய்விட்டன. பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் நானும் மகளும் முதலில் தாண்டினோம். திரும்பிப் பார்த்தால் அவர் கவுண்டரிலேயே நிற்கிறார். உள்ளே இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்க்கிறான், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறான், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்க்கிறான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சஃபர் மாஃபி," என்றான். பயணம் கிடையாது.

"அப்பா, வாட் இஸ் ஹி சேயிங்?" என்று மகள் இங்கிருந்தே கத்தினாள். அவர் எங்களைப் பார்த்து, போங்கள் என்று கையைக் காட்டினார். அதட்டுகிறதுபோல, ரோட்டைக் கடக்கத் தயங்குகிற பிள்ளைகளிடம் காட்டுவதுபோல. நான் திரும்பி அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரப் பெண், உங்களுக்கு ஸ்டாம்ப் அடித்தாயிற்று, திரும்ப வேண்டுமானால் அதற்கு வேறு வழி என்று ஹிந்தியில் சொன்னாள். மகளுக்கு அடுத்த வாரம் ஊரில் நுழைவுத் தேர்வு. அவளுடைய விசா அந்த மாதத்தோடு முடிகிறது. டிக்கெட் காசு திரும்பி வராது. இதெல்லாம் நான் அங்கே நின்று யோசித்ததாகச் சொல்ல முடியாது. அவர் போன் செய்தார். முப்பதடி தூரத்தில் நின்றுகொண்டு போனில் பேசினோம்.

"ஜனவரியிலயே கேஸ் போட்டிருக்கான்," என்றார். "நீங்க போங்க. நான் கம்பெனியில பேசி கேம்ப்புல எடம் வாங்கிக்கிடுதேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா," என்றேன். வேறு எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொன்னேன்.

"ஆமா, சொன்ன," என்றார்.

அவர் பெட்டி எங்களோடு ஊருக்கு வந்துவிட்டது. மாற்றுச் சட்டைகூட இல்லாமல் அவர் டாக்ஸி பிடித்துப் போனார்.

மகளுக்கு இங்கே திருநெல்வேலியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. நானும் அவளும் வாடகை வீட்டில் இருக்கிறோம். நிலம் அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். பவர் எழுதி அனுப்பச் சொல்லலாம் என்றார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாமல் கிடப்பதால் அதுவும் நகரவில்லை. மகள் தினம் சாயங்காலம் அவரோடு வீடியோவில் பேசுவாள். நான் பின்னால் நின்று அவர் முகம் இளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். போன மாதம் கம்பெனியில் ஆள் குறைப்பு என்று பட்டியல் போட்டார்களாம். பேர் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். வேலை போனால் சம்பளமும் போகும், கேம்ப்பும் போகும், தடை மட்டும் இருக்கும்.

கோர்ட்டில் தவணை போட்டுக் கொடுத்தார்கள். மாதம் எண்பது தினார். பதினொரு மாதம் ஒரு நாள் பிந்தாமல் கட்டியிருக்கிறார். மூன்று வீட்டார் தந்தது, என் நகை, இந்தப் பதினொரு தவணை, எல்லாம் கழித்தால் இன்னும் பாக்கி இருப்பது ஆயிரத்து நானூற்று நாற்பது தினார்.